பத்தொன்பதாவது கோர்

எட்டு கோரில் நாற்பத்தொரு நிமிடம்.
முப்பத்திரண்டில் முப்பத்தாறு.
நோட்டில் இதை எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தேன்.

நாலு மடங்கு ஆள் போட்டு
ஐந்து நிமிட லாபம்.
"மெஷின் பழசு மக்கா" என்றான் அஜின்,
"புதுசு கேட்டு எழுதிப் போடு."
பார்வதிபுரம் பாலத்தின் இரைச்சல்
லேப் ஜன்னல் கம்பிவரை வந்து நின்றது.

எழுதிப் போடவில்லை.
ஊகிக்காதே, அள என்று
அந்த வாரம்தான் படித்திருந்தேன்.
அளக்கும் கருவியைச் சேர்த்து ஓட்டினால்
அளப்பதாலேயே கொஞ்சம் தாமதமாகும்;
தராசுத் தட்டுக்கும் எடை உண்டு,
அதைக் கழித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும்.

திரையில் முப்பத்திரண்டு கோடுகள்,
கோருக்கு ஒன்றாக.
வேலை பச்சை. காத்திருப்பு சிவப்பு.
பச்சையை எதிர்பார்த்துக்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டேன்.
தோவாளைச் சந்தையில்
செவ்வரளி மூட்டை அவிழ்ந்து கிடந்தது.

மெஷின் மெதுவாகப் போகவில்லை.
நின்றுகொண்டிருந்தது.

நீரோடி தொடங்கி மணக்குடி வரை
கரையையும் கடலையும் ஒரே சட்டத்தில் வைத்து
கேக் வெட்டுவதுபோல் சமமாக வெட்டியிருந்தேன்.
சமம் என்றால் நியாயம் என்று நினைப்பு.
வேளிமலை வாய்த்த கோருக்கு அலையே கிடையாது;
ஒரு சொடுக்கில் முடித்துவிட்டு
ரயில்வே கேட்டில் பஸ் போல
எஞ்சினை அணைத்து நிற்கும்.
தக்கலை வாய்த்ததும் அப்படியே.
குளச்சலுக்கு வெளியே கிடந்தவற்றுக்கோ
கழுத்துவரை தண்ணீர்.

நிலத்தைக் கணக்கிலிருந்து எடுத்தேன்.
நனையும் கட்டங்களை மட்டும் எண்ணிப் பங்கிட்டேன்.
எல்லைகள் கோணல்மாணலாயின,
சர்வேயர் பார்த்தால் சிரிப்பார்.
இருபத்தொரு நிமிடம்.

அஜின் டீ வாங்கிக் கொடுத்தான்.

ஆனாலும் சிவப்பு முழுசாய்ப் போகவில்லை.
அடிக்கு அடி ஒரே ஒரு கோடு
பச்சையை இழுத்துக்கொண்டே போக
மற்ற முப்பத்தொன்றும் அதன் முகத்தைப் பார்த்து நின்றன.
பத்தொன்பதாவது.
பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால்
உண்மையில் இருபதாவது ஆள்.

எல்லாருக்கும் கொடுத்த அதே அளவு கடல்தான் அதற்கும்.
கேஷில் இடமில்லையோ, நினைவகம் தூரமோ என்று
இரண்டு ராத்திரி அதன்மேல் பழி போட்டேன்.
மூன்றாவது ராத்திரி
வரிக்கு வரி நேரம் பிரித்துப் பார்த்தபோது
பட்டியலின் உச்சியில் இருந்தது
நானே எழுதிய ஒன்று:
தேங்காப்பட்டணம் முகத்துவாரத்தில்
அலை எவ்வளவு உயரம் என்று
ஒவ்வொரு அடிக்கும் கோப்பில் எழுது.

எப்போது சேர்த்தேன்?
ஆடியில், சகாயண்ணன் வள்ளம்
அந்த வாயில் திரும்பும்போது
ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்ததாக
அம்மா போனில் சொன்ன அன்றைக்கு.
பிழை பார்க்கத்தான் என்று
எனக்கே சொல்லிக்கொண்டது.

என் கண் ஒரே இடத்தில் கிடக்க
முப்பத்தொரு பேர் நின்றிருக்கிறார்கள்.

வரியை அழித்தேன். பதிமூன்று நிமிடம்.
"அறுபத்துநாலு கோர் கிடைச்சா ஆறரையாடே?"
இல்லை அஜின்.
ஆழ வரைபடத்தை வாசிப்பது ஒருவர் வேலை;
எத்தனை பேர் சுற்றி நின்றாலும்
அந்த இரண்டு நிமிடம் இரண்டு நிமிடம்தான்.
மிச்சப் பதினொன்றைத்தான் பாதியாக்கலாம்.
ஏழரை.
"சனியா?" என்று சிரித்தான்.

பச்சையாய் நிறைந்த படத்தை
கைடுக்கு அனுப்பினேன்.

அனுப்பிவிட்டு
அந்த வரியைத் திரும்ப எழுதினேன்,
நூறு அடிக்கு ஒருமுறை என்று.
பதினொரு நொடி கூடியது.
அறிக்கையில் 'இதர செலவு' என்ற பத்தியில்
அது கிடக்கட்டும்.